மறுமுறை காணும் மாமதுரை

நுழையும்முன்

ஒரு பெருநகருக்கு முதன்முறை செல்பவர், பிறர் காட்டியவற்றைக் கண்டு திரும்புவார். இரண்டாம் முறை செல்பவரோ, தாம் கேட்க விரும்பும் வினாக்களுடன் செல்வார். விடைகள் பெரும்பாலும் புகழ்பெற்ற வாயில்களில் இருப்பதில்லை. தெருமுனைப் பெயர்ப்பலகையிலும், கடைகளுக்குப் பின்னே மறைந்த தூண்களிலும், ஊரெல்லைக் குன்றுகளிலும் அவை காத்திருக்கின்றன. மதுரையை மறுமுறை காணும் முறையை இப்பாடம் விளக்குகிறது. காண்பதற்கும் காப்பதற்கும் இடையே உள்ள உறவையும் எடுத்துரைக்கிறது.

முதற்பயணம்

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கெல்லையில், மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த பேரூர் வ. புதுப்பட்டி. பெயரின் முன்னுள்ள ‘வ’ அருகிலுள்ள வத்திராயிருப்பைக் குறிக்கும். இவ்வூரார்க்கும் திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வட்டாரத்தார்க்கும் பெருநகர் என்றால் அது மதுரையே. திருமணத்திற்குப் பட்டெடுக்கவும், பெரிய மருத்துவமனைக்குச் செல்லவும், கல்லூரியில் சேரவும், சித்திரைத் திருவிழாக் காணவும் அவர்கள் மதுரைக்கே செல்கின்றனர். கிருஷ்ணன்கோவில், டி. கல்லுப்பட்டி, திருமங்கலம் எனக் கடந்து செல்லும் அந்தப் பேருந்துப் பயணம் பலருக்கும் இளமை நினைவுகளுள் ஒன்று.

இவ்வட்டாரத்திற்கும் மதுரைக்கும் உள்ள உறவு இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஆண்டுதோறும் சித்திரைத் திருவிழாவின்போது திருவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிய மாலை மதுரைக்குக் கொண்டு செல்லப்படுகிறது. அதனை அணிந்தே கள்ளழகர் வைகையில் எழுந்தருளுகிறார். மலர்மாலை ஒன்று ஆண்டுதோறும் செல்லும் வழியில்தான் இவ்வட்டாரத்து மக்களும் சென்று வருகின்றனர்.

முதற்பயணத்தில் காணும் இடங்கள் ஏறத்தாழ எல்லார்க்கும் ஒன்றே. மீனாட்சியம்மன் கோவில், திருமலை நாயக்கர் மகால், வண்டியூர்த் தெப்பக்குளம், காந்தி அருங்காட்சியகம் ஆகியவற்றைக் கண்டு, மாலையில் ஒரு குவளை ஜிகர்தண்டா அருந்திவிட்டுப் பேருந்தேறுவது வழக்கம். இதில் குறையொன்றுமில்லை. பெரியனவற்றை முதலில் காண்பதே முறை. ஆயினும் ‘மதுரையைப் பார்த்தாயிற்று’ என்று அத்துடன் முடித்துக்கொள்வது, ஒரு நூலின் அட்டையைக் கண்டதும் அதனைப் படித்துவிட்டதாகக் கருதுவதற்கு ஒப்பாகும்.

ஊர்காண்டல் என்னும் மரபு

ஊரைச் சுற்றிக் காண்பதனைத் தமிழிலக்கியம் தனியொரு செயலாகவே மதித்துள்ளது. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் ‘ஊர்காண் காதை’ என்றே ஒரு பகுதி அமைந்துள்ளது. புகாரிலிருந்து வந்த கோவலன், மதுரையின் கடைவீதிகளையும் பிற தெருக்களையும் சுற்றிப் பார்க்கும் காட்சி அதில் இடம்பெறுகிறது. மாங்குடி மருதனார் இயற்றிய மதுரைக்காஞ்சி, நாளங்காடி, அல்லங்காடி என மாநகரின் பகலையும் இரவையும் காட்டுகிறது. கோவிலையும் அரண்மனையையும் மட்டுமன்றி, விற்பவரையும் வாங்குபவரையும் காவலரையும் காண்பதே அப்புலவர்களின் பார்வை. இரண்டாம் பயணத்திற்கு வேண்டுவதும் அப்பார்வையே.

அப்பயணம் பேருந்தில் ஏறும்போது தொடங்குவதில்லை; நூலகத்தில் தொடங்குகிறது. வ. புதுப்பட்டி மாணவர்க்கு அதற்கான இடமும் அண்மையிலேயே உண்டு. திருவில்லிபுத்தூரில் 1875இல் தொடங்கப்பட்ட பென்னிங்டன் நூலகம், தமிழகத்தின் பழைமையான பொது நூலகங்களுள் ஒன்று. அன்றைய திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் ஒருவரின் பெயரை அது தாங்கியுள்ளது. மதுரை வரலாற்றைக் கூறும் நூலொன்றையும் நகரின் வரைபடம் ஒன்றையும் எதிரெதிரே வைத்து ஒரு மணிநேரம் செலவிட்டால், மறுபயணத்திற்குரிய வினாக்கள் தாமே எழும்.

தெருப்பெயர்கள் சொல்லும் வரலாறு

மதுரையின் வரைபடத்தைக் காண்போர் முதலில் வியப்பது அதன் தெருவமைப்பையே. கோவிலை நடுவாகக் கொண்டு ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி எனத் தமிழ் மாதங்களின் பெயரால் வீதிகள் சதுரஞ் சதுரமாக விரிகின்றன. அவற்றைக் கடந்து வெளியே வந்தால் பெயர்கள் திடீரென மாறுகின்றன. மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி, வெளி வீதி என்பன அவை. மாதப் பெயர்கள் முடிந்து மனிதப் பெயர்கள் தொடங்குவது ஏன்? இதுவே மறுபயணத்தின் முதல் வினா.

நாயக்கர் காலத்து மதுரை, மதிலும் அகழியும் சூழ்ந்த கோட்டை நகரம். 19ஆம் நூற்றாண்டில் நகரம் பெருகியபோது அம்மதில் மக்களை நெருக்கியது. மாவட்ட ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன் காலத்தில் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்க்கும் பணி நடைபெற்றது. சமன்செய்த நிலத்தில் வீட்டுமனைகளும் புதிய தெருக்களும் தோன்றின. அப்பணியில் நிலஅளவையாளராக இருந்தவர் மாரட். வேலையாட்களை நடத்திய மேஸ்திரி பெருமாள். மன்னர்கள், தெய்வங்கள் ஆகியோரின் பெயர்களுக்கு அடுத்து, அளந்தவரின் பெயரும் மண்சுமந்தோரை நடத்தியவரின் பெயரும் ஒரு நகரத்தின் தெருக்களில் நிலைபெற்றது எண்ணத்தக்கது. இன்று அத்தெருக்களில் தங்கும் விடுதிகளைத் தேடி நடப்போர் பலர். தாம் நடப்பது தூர்ந்த அகழியின்மீது என்பதை அறிந்தோர் சிலரே.

இத்தகைய மாற்றம் மதுரைக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவிலும் 1857இல் பிறந்த ஆணையைத் தொடர்ந்து நகர மதில் இடிக்கப்பட்டது. அது நின்ற இடத்தில் நகரைச் சுற்றிவரும் அகன்ற சாலை அமைந்தது. அச்சாலையைக் காணவே இன்று பலர் அங்குச் செல்கின்றனர். மதுரையின் மாரட் வீதியும் வெளி வீதியும் அதே வகையான வரலாற்றையே சுமந்து நிற்கின்றன. அதனை எடுத்துரைப்பார்தாம் குறைவு.

மதில் முற்றிலும் மறைந்துவிடவில்லை. பெரியார் பேருந்து நிலையத்தின் அருகே மேற்குக் கோட்டையின் கற்கட்டுமானப் பகுதியொன்று எஞ்சியுள்ளது. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அதன் அருகே பேருந்துக்காக ஓடுகின்றனர். ஒருவர் நின்று அக்கற்களை உற்றுநோக்கினால், பழைய மதுரையின் எல்லையில் தாம் நிற்பதை உணர்வார். கோட்டையை இடித்த பிளாக்பர்னின் நினைவாக நிறுவப்பட்ட விளக்குத்தூண், கடைவீதிகளின் நடுவே இன்றும் நிற்கிறது. சுற்றிலும் உள்ள பகுதிக்கே ‘விளக்குத்தூண்’ என்று பெயராயிற்று. மக்கள் நாவில் ஆட்சியர் மறைந்தார், விளக்கு நிலைத்தது.

கோவிலின் கிழக்கே எழுகடல் தெரு உள்ளது. கடலில்லாத மதுரையில் ஏழு கடல்கள் எவ்வாறு வந்தன? காஞ்சனமாலை நீராடுவதற்காக இறைவன் ஏழு கடல்களை வரவழைத்ததாகத் திருவிளையாடற் கதை கூறும். அக்கதையோடு தொடர்புடைய குளம் ஒன்று இங்கிருந்தது. இன்று நீர் இல்லை. பெயர் மட்டும் இருக்கிறது. நகரங்களில் நீர்நிலைகள் மறைந்த பின்னும், தெருப்பெயர்கள் அவற்றின் சாட்சிகளாக நிற்கின்றன என்பதற்கு இது சான்று. தத்தம் ஊரில் ‘ஊருணித் தெரு’, ‘குளத்துக்கரைத் தெரு’ என்னும் பெயர்களைக் கேட்கும் மாணவர்க்கு இவ்வினா மேலும் கூர்மையாகும்.

தெரிந்து தெளிவோம்

மேஸ்திரி: கட்டட வேலைகளில் வேலையாட்களை மேற்பார்வையிட்டு நடத்துபவர். போர்ச்சுகீசிய மொழிவழித் தமிழில் கலந்த சொல்.

புடவு: குகை.

மறைந்து நிற்கும் மாட்சிகள்

புகழ்பெற்ற சின்னம் ஒன்றைக் கண்டபின், அதன் பின்புறத்தையும் பக்கத்துச் சந்தையும் காண்பது மறுபயணத்தின் இரண்டாம் நெறி.

திருமலை நாயக்கர் மகால் 1636இல் கட்டப்பட்டது. இன்று காணும் மகால், முன்பிருந்த அரண்மனையின் ஒரு பகுதியே. நான்கில் ஒரு பங்கே எஞ்சியதாகக் கூறுவர். ஏனைய பகுதிகள் எங்கே? விடையின் ஒரு துண்டு மகாலுக்கு வடக்கே உள்ள துணிக்கடைச் சந்தில் நிற்கிறது. ‘பத்துத் தூண்’ என அழைக்கப்படும் அவ்விடத்தில், கூரையும் சுவரும் இழந்த பத்துப் பெருந்தூண்கள் கடைகளின் தலைக்குமேல் உயர்ந்து நிற்கின்றன. சேலைகளும் சட்டைகளும் தொங்கும் சந்தில் நடப்பவர் நிமிர்ந்து பார்த்தாலொழிய அவை தென்படா. மகாலினுள் நின்றால் அரசின் பெருமை தெரியும். பத்துத் தூண் சந்தில் நின்றால், பெருமை எவ்வளவு விரைவில் சந்தாகிவிடும் என்பது தெரியும்.

மீனாட்சியம்மன் கோவிலின் கிழக்கே, புதுமண்டபத்தை அடுத்து நிற்பது இராயகோபுரம். திருமலை நாயக்கர் காலத்தில் தொடங்கப்பட்டு முடிக்கப்பெறாத கோபுரம் அது. அடித்தளத்தின் அகலத்தையும் ஒற்றைக் கற்களாக நிமிர்ந்த நிலைக்கால்களின் உயரத்தையும் காண்போர், அது முற்றுப்பெற்றிருந்தால் எத்துணை உயர்ந்திருக்கும் என எண்ணி வியப்பர். அதனை ஒட்டியே கடைகள் நெருங்கியுள்ளதால் பலர் அதனைக் கோபுரமென்றே அறியாமல் கடந்துவிடுகின்றனர். முடிந்த கோபுரங்கள் சிற்பியின் திறனைக் காட்டுகின்றன. முடியாத கோபுரமோ, கல்லின்மேல் கல் எவ்வாறு ஏற்றப்பட்டது என்னும் வேலையின் இடைநிலையைக் காட்டுகிறது. கட்டடக்கலை பயில விரும்புவோர்க்கு இதுவே சிறந்த பாடம்.

மேலமாசி வீதியில் ஒரு மாடிவீடு உண்டு. 1921 செப்டம்பர் திங்களில் மதுரைக்கு வந்த காந்தியடிகள் அங்குத் தங்கினார். அம்மாதம் 22ஆம் நாள், மேலாடையைத் துறந்து, ஏழை உழவரைப் போல முழங்கால் அளவுள்ள ஆடையை அணியத் தொடங்கினார். பின்னாளில் இலண்டன் வட்டமேசை மாநாடுவரை உலகமே கண்ட அந்தக் கோலம் பிறந்தது மதுரையின் கடைவீதி ஒன்றில். காந்தி அருங்காட்சியகத்தை முதற்பயணத்திலேயே பலர் காண்கின்றனர். அங்குக் காட்டப்படும் வாழ்வின் திருப்புமுனை நிகழ்ந்த வீட்டையோ மறுபயணத்தில்தான் தேடிச் செல்கின்றனர். கீழே கதர் விற்பனை நடைபெறும் அவ்வீட்டில் ஆரவாரம் ஏதுமில்லை. அந்த எளிமை அந்நிகழ்ச்சிக்குப் பொருத்தமாகவே உள்ளது.

தமிழ் பயிலும் மாணவர் காணவேண்டிய இன்னோரிடம் தமிழ்ச்சங்கம் சாலையில் உள்ளது. 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். ஏட்டுச்சுவடிகளைத் தொகுத்தல், நூல்களைப் பதிப்பித்தல், தமிழ்த் தேர்வுகள் நடத்துதல், ‘செந்தமிழ்’ இதழை வெளியிடுதல் எனத் தமிழுக்கு அது ஆற்றிய பணிகள் பல. சங்கப் பாடல்களைப் பாடநூலில் படிக்கும் மாணவர், அவை மறைந்துபோகாமல் காக்க முயன்றோர் கூடிய இடத்தைக் காண்பது பொருளுடையது.

குன்றுகளில் எழுதிய மதுரை

நகரைவிட்டுச் சற்றே வெளியே செல்வது மறுபயணத்தின் மூன்றாம் நெறி. மதுரையைச் சூழ்ந்து நிற்கும் குன்றுகள் வெறும் பாறைகளல்ல. நகரின் மிகப் பழைய ஏடுகள் அவை. திருமங்கலம் வழியே வரும் புதுப்பட்டிப் பயணிக்கு முதலில் எதிர்ப்படுவது திருப்பரங்குன்றம். வடபுறத்து முருகன் கோவிலை எல்லாரும் அறிவர். அதே மலையின் தென்புறத்தில் உமையாண்டார் குடைவரைக் கோவில் அமைதியாக நிற்பதை அறிந்தோர் சிலரே.

நகரின் மேற்கே, கீழக்குயில்குடி ஊரை ஒட்டி எழுவது சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக் குளமும் ஐயனார் கோவிலும் ஆலமர நிழலும் உள்ளன. மலையின் ஒரு பக்கத்தில் செட்டிப்புடவு என்னும் குகை இருக்கிறது. அதன் முகப்பில் பெரிய தீர்த்தங்கரர் உருவம் அமர்ந்த கோலத்தில் செதுக்கப்பட்டுள்ளது. நீண்ட காதுகளையுடைய அவ்வுருவத்தை ஊரார் ‘செட்டியார்’ எனக் கருதியதால் குகைக்கு இப்பெயர் வந்தது என்பர். மலையின்மேல் பேச்சிப்பள்ளம் என்னுமிடத்தில் ஒரு சுனை உண்டு. அதன் அருகே பாறையில் எட்டுச் சமணச் சிற்பங்கள் வரிசையாக உள்ளன. அவற்றின் கீழே வட்டெழுத்தில் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டுள்ளன.

அக்கல்வெட்டுகள் 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அவை போர் வெற்றிகளைக் கூறுவன அல்ல. இச்சிற்பத்தைச் செய்வித்தவர் இன்னாரின் ‘மாணாக்கர்’ என்று ஆசிரியர், மாணவர் பெயர்களை வரிசைப்படுத்துகின்றன. அவற்றுள் குறண்டி என்னும் ஊரின் பள்ளியைச் சேர்ந்தவர்களும் குறிக்கப்படுகின்றனர். அக்குறண்டி இன்றைய விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இம்மாவட்டத்திலிருந்து மதுரைக் குன்றுக்கு மாணவர் சென்றனர் என்னும் செய்தி பாறையில் பதிந்துள்ளது. சமண முனிவர் உறைந்த இடத்தைக் குறித்த ‘பள்ளி’ என்னும் சொல்லே, பிற்காலத்தில் கல்வி பயிலும் இடத்திற்குப் பெயராயிற்று. அந்தச் சொல்லின் வேரைக் காண விரும்பும் மாணவர்க்குப் பேச்சிப்பள்ளத்துப் பாறை சிறந்த அகராதி.

நகரின் வடகிழக்கே படுத்த யானைபோல் தோன்றும் யானைமலையின் அடிவாரத்தில் நரசிங்கம் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள குடைவரைக் கோவில் கி.பி. 770ஆம் ஆண்டைச் சேர்ந்தது என அதன் கல்வெட்டால் அறியலாம். பாண்டிய மன்னனின் அமைச்சனாகிய மாறன்காரி அதனைக் குடைவித்தான். திருப்பணி முற்றுப்பெறும் முன்னரே அவன் இறந்தான். அவனுடைய தம்பி மாறன் எயினன் அதனை நிறைவு செய்தான். அண்ணன் தொடங்கியதைத் தம்பி முடித்த இச்செய்தி, 1250 ஆண்டுகளைக் கடந்தும் கல்லில் வாழ்கிறது.

அதற்கும் அப்பால், மாங்குளம் மீனாட்சிபுரம் அருகே உள்ள குன்றின் குகைத்தளங்களில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் காணப்படுகின்றன. 1882இல் இராபர்ட் சுவெல் அவற்றைக் கண்டறிந்தார். 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் அவற்றைப் படித்து விளக்கினார். பின்னர் ஐராவதம் மகாதேவன் அவற்றை விரிவாக ஆராய்ந்தார். கிறித்து பிறப்பதற்கு முற்பட்ட அக்கல்வெட்டுகளில் நெடுஞ்செழியன் என்னும் பாண்டிய மன்னன் பெயர் இடம்பெறுகிறது. கணிநந்தன் என்னும் துறவிக்குக் கற்படுக்கை அமைத்துத் தந்த செய்தி அதில் உள்ளது. வெள்ளறை நிகமத்தார் என்னும் வணிகக் குழுவினரும் அங்குக் குறிக்கப்படுகின்றனர். ஏட்டில் மட்டுமே வாழ்ந்த பெயராகக் கருதப்பட்ட நெடுஞ்செழியன், கல்லிலும் வாழ்ந்ததை இக்குன்று உறுதிப்படுத்துகிறது.

தெரியுமா?

கீழடியில் 1970களில் கிணறு வெட்டியபோது வெளிப்பட்ட பொருள்களைப் பற்றி மாணவர் வழியே அறிந்த பள்ளி ஆசிரியர் ஒருவர், அவற்றைச் சேகரித்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவித்தார். பல ஆண்டுகளுக்குப் பின்னரே அங்கு அகழாய்வு தொடங்கியது. தென்னந்தோப்பாக இருந்த அவ்வூரில் 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இன்று யாரும் அறியாத இடம், நாளை எல்லாரும் தேடிவரும் இடமாகலாம்.

காண்டலும் காத்தலும்

அறியப்படாத இடங்களைத் தேடிக் காண்பதால் பயன் என்ன? பொழுதுபோக்கு மட்டுமா? அரிட்டாபட்டி இவ்வினாவிற்கு விடை தருகிறது.

மேலூருக்கு அருகே, ஏழு குன்றுகள் சூழ அமைந்த சிற்றூர் அரிட்டாபட்டி. இங்குக் குடைவரைச் சிவன் கோவிலும் சமணர் கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் உள்ளன. குன்றுகளில் விழும் மழைநீர் சுனைகளையும் ஏரிகளையும் நிரப்பி வயல்களுக்குப் பாய்கிறது. லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, பொனெல்லி கழுகு முதலிய வேட்டைப் பறவைகளுடன் ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் இப்பகுதியில் பதிவு செய்யப்பட்டுள்ளன. பறவை நோக்குவோரும் வரலாற்று ஆர்வலரும் ஊர்மக்களும் பல ஆண்டுகள் இக்குன்றுகளில் நடந்து, கண்டு, குறிப்பெடுத்து வந்தனர். 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு, அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களில் ஏறத்தாழ 193 எக்டேர் பரப்பைப் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலம் இதுவே.

ஈராண்டுகள் கழித்து, 2024 நவம்பரில் இவ்வட்டாரத்தில் டங்ஸ்டன் கனிமம் எடுப்பதற்கான ஏலத்தின் முடிவு வெளியாயிற்று. ஊர்மக்கள் எதிர்த்தனர். அவர்கள் வெறுங்கையுடன் நிற்கவில்லை. எந்தக் குன்றில் எந்தக் கல்வெட்டு, எந்தச் சுனையிலிருந்து எந்த ஏரிக்கு நீர் செல்கிறது, எந்தப் பாறையில் எந்தப் பறவை கூடு கட்டுகிறது என்பதெல்லாம் முன்னரே கண்டு எழுதப்பட்டிருந்தன. அவ்வாண்டு டிசம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் சுரங்க உரிமத்திற்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரித் தொடக்கத்தில் மேலூர்ப் பகுதி உழவர்கள் மதுரைக்குப் பேரணியாகச் சென்றனர். அம்மாதம் 23ஆம் நாள் மத்திய அரசு அந்த ஏலத்தை நீக்கியது.

இந்நிகழ்ச்சி ஓர் உண்மையை உணர்த்துகிறது. யாரும் அறியாத குன்று வெறும் கல்லாகவே எண்ணப்படும். கல்லுக்கு விலை உண்டு. அதனை வெட்டியெடுக்க இயந்திரமும் உண்டு. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகள் பல அவ்வாறு கற்சுரங்கங்களாகிக் குறைந்துபோயின. பெயரும் வரலாறும் அறியப்பட்ட குன்றுக்கோ அதற்காகப் பேசுவோர் இருப்பர். எனவே மறுமுறை சென்று நின்று பார்ப்பவர் ஒவ்வொருவரும் ஒருவகையில் சாட்சியாகின்றார்.

சாட்சிக்குக் கடமையும் உண்டு. ஈராயிரம் ஆண்டு எழுத்துகள் உள்ள பாறைகளில் தம் பெயரையும் நண்பர் பெயரையும் கீறிச் செல்வோரைப் பல இடங்களில் காணலாம். ஒருவர் கீறிய கீறல், ஆயிரம் ஆண்டு மழையும் வெயிலும் அழிக்காத எழுத்தை ஒரே நாளில் அழித்துவிடும். கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு, எண்ணெய் முதலியன பூசுதலும் கூடாது. சுனைகளில் நெகிழிப் பொருள்களை எறிதலும், கூடுகட்டும் பருவத்தில் பறவைகளின் அருகே செல்லுதலும் தவிர்க்கப்பட வேண்டியவை. ஊரார் வழிபடும் இடங்களில் அவர்தம் வழக்கத்தை மதித்தல் வேண்டும். குன்றேறுமுன் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் வழிகேட்பது நன்று. வழியோடு கதையும் கிடைக்கும்.

திரும்பி வரும் வழி

மாலைப்பேருந்து திருமங்கலத்தைக் கடந்து மேற்கே திரும்பும்போது தொலைவில் மலைத்தொடர் நீலமாகத் தோன்றும். மதுரையை மறுமுறை கண்டு திரும்பும் பயணி, வழக்கமான அவ்வழியையும் புதிதாகக் காணத் தொடங்குவார். மதுரைக்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையே சாலையோரம் ஆங்காங்கே நிற்கும் பழைய கல்மண்டபங்கள் அவர் கண்ணில் படும். அவை நாயக்கர் காலத்தில் வழிப்போக்கர் இளைப்பாறக் கட்டப்பட்டவை என்பர். எத்தனையோ முறை அவற்றைக் கடந்தும், எத்தனை மண்டபங்கள் உள்ளன என்று எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்?

திருவில்லிபுத்தூரிலும் திருமலை நாயக்கர் பெயரால் ஓர் அரண்மனை உண்டு. மதுரை மகாலைக் காண எழுபது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்த பலர், தம் ஊரின் அருகிலுள்ள இதனை உள்ளே சென்று கண்டதில்லை. புதுப்பட்டியின் மேற்கே எழும் மலைகள், சாம்பல் நிற அணில்களுக்காக 1988இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காட்டைச் சேர்ந்தவை. இன்று அக்காடு திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தின் ஒரு பகுதி. பிளவக்கல் அணையும் சதுரகிரி மலைப்பாதையும் வெளியூரார்க்குத் தேடிவரும் இடங்கள். ஊரார்க்கோ நாள்தோறும் கண்ணில்படும் காட்சிகள்.

ஒரு நகரத்தை இரண்டாம் முறை காணக் கற்றவர், தம் ஊரை முதன்முறையாகக் காணத் தொடங்குகிறார். மதுரைத் தெருமுனையில் கேட்ட அதே வினாக்களை அவர் தம் தெருமுனையிலும் கேட்பார்: இத்தெருவுக்கு இப்பெயர் ஏன் வந்தது? இக்கல் எங்கிருந்து வந்தது? இந்நீர் எங்கே செல்கிறது? விடைகளை எழுதி வைப்பதற்கு ஒரு குறிப்பேடு போதும். பின்னாளில் அவ்வூருக்காக எவரேனும் பேச நேரும்போது, அக்குறிப்பேடு சான்றாக நிற்கும்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரிலுள்ள ஐந்து தெருக்களின் பெயர்க்காரணங்களை முதியோரிடம் கேட்டறிந்து தொகுத்து எழுதுக.

2. முன்னர்ச் சென்றுவந்த நகரம் ஒன்றுக்கு மறுமுறை செல்வதாகக் கொண்டு, அங்கு விடை தேட விரும்பும் மூன்று வினாக்களையும் செல்ல விரும்பும் இடங்களையும் குறித்துப் பயணத்திட்டம் ஒன்று உருவாக்குக.

3. ‘அறியப்படாத மரபுச்சின்னங்களைப் புகழ்பெறச் செய்வது அவற்றுக்குப் பாதுகாப்பா, ஆபத்தா?’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.

பாடநூல் வினாக்கள்

குறுவினா

1. மதுரையின் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி ஆகியவற்றின் பெயர்க்காரணம் யாது?

2. ‘பள்ளி’ என்னும் சொல் பெற்ற பொருள்மாற்றத்தைக் குறிப்பிடுக.

சிறுவினா

1. முடிக்கப்பெறாத இராயகோபுரம் கட்டடக்கலை பயில்வோர்க்குப் பாடமாக அமைவதை விளக்குக.

2. சமணர் மலைக் கல்வெட்டுகள் உணர்த்தும் ஆசிரியர், மாணவர் உறவைக் கூறுக.

நெடுவினா

‘காண்டலே காத்தலின் முதற்படி’ என்பதை அரிட்டாபட்டி நிகழ்ச்சியைச் சான்றாகக் கொண்டு நிறுவுக.